ஓவர்க்ளொக் செய்யாத மெசினுக்கு எந்த றாம்? 3600 சோடியோ, பச்சை 3200ஓ?

அறிவியல்நகர்_பெடியன்
வெள்ளி, இரவு 8.40

வணக்கம். பருத்தித்துறையில அக்கா ஒரு சின்னக் கடை வைச்சிருக்கிறா. தட்டச்சு, போட்டோக்கொப்பி, அடையாள அட்டைப் படம், கலியாணக் காட் எண்டு வேலை ஓடுது. பழைய மெசின் டி.டி.ஆர் 3 காலத்து. போட்டோசொப்பில ரெண்டு படத்தைச் சேர்த்துத் திறந்தாலே அப்பிடியே நிண்டுபோகுது. ஆக்கள் வாசல்ல காத்துக்கொண்டு நிக்கினம்.

நான் கிளிநொச்சியில பொறியியல் பீடத்தில படிக்கிறன். ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் வீட்டை போவன். அதால ஒருக்காப் பூட்டிக் குடுத்தா பேந்து பிரச்சினை குடுக்காத மெசின் வேணும். றைசன் 5 5600ஜி, ஏ520 மதர்போட், ரெண்டு றாம் சிலொட். தனி கிராபிக்ஸ் காட் இல்லை. ஓவர்க்ளொக் (கொம்பனி சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டிறது) ஒண்டும் செய்யமாட்டன்.

நேற்று ஸ்ரான்லி வீதியில ஒரு கடையில கேட்டன். ரெண்டு தெரிவு தந்தினம்.

ஒண்டு: தகடு போட்டு லைற் எரியிற 3600, சி.எல் (தாமத எண்) 18, எட்டு ஜி.பியும் எட்டு ஜி.பியுமாச் சோடி.
மற்றது: தகடில்லாத பச்சை றாம், 3200, சி.எல் 22, தனி 16 ஜி.பி.

ரெண்டாவது "ஒஃபிஸ் றாம், ஸ்லோ" எண்டு கடைக்காரர் சொன்னார். சோடிக்கு விலை கூட. அக்காவின்ர காசு, யோசிச்சுத்தான் செலவழிக்க வேணும். எதை எடுக்கிறது?

கொக்குவில்_கேமர்
வெள்ளி, இரவு 8.52

3600 சோடியை எடு மச்சான். யோசிக்க ஒண்டுமில்லை. வேகமும் கூட, சி.எல்லும் குறைவு. றைசனுக்கு 3600தான் பொருத்தம். சி.எல் 22 எண்டுறதைத் தொடவே கூடாது.

நல்லூர்_திருத்துனர்
வெள்ளி, இரவு 9.30

தம்பி, முதல்ல ஒரு கேள்வி. பயோஸுக்குள்ள (மெசினின்ர அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் எக்ஸ்.எம்.பியைப் போடுவீரோ, மாட்டீரோ? உம்மட கேள்விக்கு மறுமொழி முழுக்க அதிலதான் நிக்குது.

பெட்டியில 3600 எண்டு அடிச்சிருந்தாலும், பூட்டி மெசினைப் போட்டவுடன அது 3600இல ஓடாது. றாமில ஒரு குட்டி மெமரி சிப் இருக்கு, அதுக்குள்ள வேக அட்டவணை எழுதியிருக்கும். போட் முதல்ல வாசிக்கிறது ஜெடெக் அட்டவணையை. ஜெடெக் எண்டுறது 1958இல தொடங்கின தர நிர்ணய அமைப்பு, டி.டி.ஆர் 4க்கு அளவுகோல் போட்டதும் அவைதான். கனக்க 3600 சோடியளில அந்த அட்டவணை 2133, 2400, இல்லாட்டி 2666ஓட முடிஞ்சிடும். மிச்ச வேகம் எக்ஸ்.எம்.பி எண்ட தனிப் பக்கத்தில இருக்கு. அதை ஒருத்தர் பயோஸில போய்த் திறந்துவிட வேணும். திறந்தா வோல்ற்றேஜும் 1.2இல இருந்து 1.35க்கு ஏறும்.

பச்சை றாமில அப்பிடிப் பக்கம் ஒண்டுமில்லை. 3200 எண்டுறது ஜெடெக் அட்டவணையிலேயே, 1.2 வோல்ற்றிலேயே எழுதியிருக்கு. 5600ஜிக்கு ஏ.எம்.டி அதிகாரபூர்வமாச் சொல்லுற உச்சமும் 3200தான். பூட்டினவுடன 3200. பயோஸைத் திறக்கவே தேவையில்லை.

எக்ஸ்.எம்.பி போடாட்டி கூட விலை குடுத்த சோடி 2400இல ஓடும், மலிவான பச்சை 3200இல ஓடும். திருத்த வாற மெசினுகளில இதைத்தான் நான் அடிக்கடி காணுறன். லைற் வடிவா எரியும், உள்ளுக்குப் பார்த்தா 2133.

ஆனா கடைக்காரர் தந்த ரெண்டும் உமக்குச் சரியில்லை. தனி 16 வேண்டாம். பச்சையிலேயே எட்டும் எட்டுமா ரெண்டு கேளும். காரணம் சாப்பிட்டிட்டு வந்து எழுதிறன்.

கொக்குவில்_கேமர்
வெள்ளி, இரவு 9.41

அண்ணை, எக்ஸ்.எம்.பி ஓவர்க்ளொக் இல்லையே. ஒரு பட்டன். கொம்பனியே சோதிச்சுத் தந்த வேகம். என்ர மெசின் மூண்டு வருசமா 3600இல ஓடுது, ஒரு நாளும் விழேல்லை.

நல்லூர்_திருத்துனர்
வெள்ளி, இரவு 10.25

றாம் செய்த கொம்பனி தன்ர றாமைச் சோதிச்சிருக்கும், அது உண்மை. ஆனா மெமரி கொன்ரோலர் இருக்கிறது புறொசெசருக்குள்ள. அது அந்த வேகத்தைத் தாங்குமோ எண்டு றாம் கொம்பனியால உறுதி சொல்ல ஏலாது. அதாலதான் இன்ரெலும் ஏ.எம்.டியும் எக்ஸ்.எம்.பி, அதுமாதிரி ஏ.எம்.டியின்ர எக்ஸ்போ ரெண்டையும் ஓவர்க்ளொக் கணக்கிலதான் வைச்சிருக்கினம். உத்தரவாதக் குறிப்பிலயே எழுதியிருக்கு. 100இல பெரும்பான்மை ஓடும், நீர் சொல்லுறது சரி. பக்கத்தில ஆள் இருக்கிற மெசினுக்கு நானே போட்டுக் குடுக்கிறனான்.

பிள்ளை கேட்டது வேற. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வீட்டை வாற ஆள்.

நெடுந்தீவில ஒரு அலுவலகத்துக்கு மூண்டு மெசின் பூட்டிக் குடுத்தனான். எக்ஸ்.எம்.பி போட்டு 3200 சி.எல் 16, வடிவா ஓடிச்சுது. ஒரு சித்திரை மாதம் கரண்ட் வாறதும் போறதுமா இருந்த கிழமையில கோல் வந்தது. காத்தாடி சுத்துதாம், திரை கறுப்பாம். போனில என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? அங்க இருந்த பிள்ளைக்குப் பெட்டியைக் கழட்டப் பயம். காலமை குறிகட்டுவானுக்குப் போய், படகேறி, ஒரு மணித்தியாலம் கடல். போய்ச் செய்தது என்னெண்டா, சி.ஆர் 2032 பற்றறியைக் கழட்டிப் பயோஸை அழிச்சுவிட்டது. அவ்வளவுதான். மெசின் எழும்பிச்சுது, 2133இல. திரும்ப எக்ஸ்.எம்.பியைப் போட்டு மெம்ரெஸ்ற் (றாமைச் சோதிக்கிற மென்பொருள்) ஓடவிட்டா பிழை காட்டிச்சு. போடாட்டி ஒரு பிழையும் இல்லை. படகுக்கு நேரமாச்சு எண்டு அப்பிடியே விட்டிட்டு வந்தன்.

மூண்டு பேருக்கு ஒரு நாள் வேலை போச்சு, எனக்கும் ஒரு நாள் போச்சு. அண்டையில இருந்து தூரத்து மெசினுக்கு பச்சை ஜெடெக் றாம் மட்டும்தான் பூட்டுறன். பற்றறி செத்தாலும், பயோஸ் அழிஞ்சாலும், அது திரும்ப எழும்புறது அதே 3200இல. அக்காவுக்குப் போனில சொல்லிக் குடுக்க ஒண்டுமிருக்காது.

சுன்னாகம்_ஸ்ரூடியோ
சனி, காலை 7.15

அண்ணை சொல்லுறது எனக்கு நடந்தது. ஐ5-10400, எச்410 போட். கலியாண வீடியோ வெட்டுறதுக்கு எண்டு 3600 சோடி ஒண்டு வாங்கினனான். ரெண்டு வருசம் பாவிச்சன். பேந்து ஒருநாள் ராஸ்க் மனேஜரில மெமரிப் பக்கத்தைத் திறந்து பார்க்க 2133 எண்டு நிக்குது.

சரி, எக்ஸ்.எம்.பியைப் போடுவம் எண்டு பார்த்தா, அந்தப் போட்டில 3600க்கு வழியே இல்லை. 10400க்கு உச்சம் 2666. கையால 2666 தெரிஞ்சு போட்டன், அது ஓடுது. வாங்கேக்கயே ஆரும் சொல்லியிருந்தா சாதா 2666 சோடி வாங்கிப்போட்டு, மிச்சக் காசுக்கு எஸ்.எஸ்.டி பெருசா எடுத்திருப்பன். ரெண்டு வருசம் அந்த மெசினிலதான் இரவிரவா இருந்து அல்பம் செய்தனான், நினைக்க இப்பவும் மனவருத்தம்தான்.

தம்பி, றாம் வாங்க முதல் புறொசெசரின்ர பக்கத்தில போய் "மெமரி" எண்ட வரியைப் பாரும். 10400க்கு 2666, 12400க்கு டி.டி.ஆர் 4 எண்டா 3200, டி.டி.ஆர் 5 எண்டா 4800. ஓவர்க்ளொக் செய்யாத ஆளுக்கு அதுக்கு மேல குடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் பெட்டிக்குத்தான்.

வடமராட்சி_ஆசிரியர்
சனி, காலை 9.05

சி.எல் 22 என்றால் மெதுவானது என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் தெளிவுபடுத்த விரும்புகிறேன். என்னுடைய வகுப்பிலும் பிள்ளைகள் இதே பிழையை விடுகிறார்கள்.

சி.எல் என்பது நேரம் அல்ல, கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் என்பது வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடினால் துடிப்பு குறுகும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சி.எல்லை 2000ஆல் பெருக்கி, பெட்டியில் உள்ள வேகத்தால் பிரித்தால் நனோசெக்கனில் விடை வரும்.

3200, சி.எல் 22: 13.75
2400, சி.எல் 17: 14.17
2133, சி.எல் 15: 14.06
3600, சி.எல் 18: 10

கடைசி வரி எக்ஸ்.எம்.பி போட்டால் மட்டும். கொக்குவில் தம்பி சொல்வது அந்த நிலையில் சரி, உண்மையிலேயே விரைவானது. போடாமல் விட்டால் அதே சோடி இரண்டாவது அல்லது மூன்றாவது வரிக்கு இறங்கிவிடும். அப்போது சி.எல் 17 என்ற சிறிய எண்ணைக் காட்டிக்கொண்டே சி.எல் 22 றாமை விடச் சற்றுத் தாமதமாக மறுமொழி தரும்.

தாமதத்தில் உள்ள வித்தியாசம் அரை நனோசெக்கனுக்கும் குறைவு, அதை விடுவோம். பெரிய வித்தியாசம் அலைவரிசை அகலத்தில், அதாவது ஒரு செக்கனில் எவ்வளவு தரவு போகும் என்பதில். ஒரு சனல் (றாமுக்கும் புறொசெசருக்கும் இடையிலான தரவுப் பாதை) 64 பிற், அதாவது 8 பைற். 3200ஐ 8ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 25.6 ஜி.பி. இரண்டு சனல் என்றால் 51.2. அதே கணக்கில் 2400 சோடி 38.4தான் தரும். கால்வாசி குறைவு.

நல்லூர்_திருத்துனர்
சனி, காலை 9.40

சேர் கணக்கை வடிவாப் போட்டிட்டார். ராத்திரி நான் விட்ட காரணமும் அதுக்குள்ளேயே இருக்கு. தனி 16 ஒண்டைப் பூட்டினா ஒரு சனல்தான் வேலை செய்யும், 25.6. எட்டும் எட்டுமாப் பூட்டினா 51.2. 5600ஜியில கிராபிக்ஸ் புறொசெசருக்குள்ளேயே இருக்கு, அதுக்குத் தனி மெமரி கிடையாது. திரையில காட்டுற எல்லாத்தையும் இந்த றாமில இருந்துதான் எடுக்குது. மற்ற மெசினுகளில தனி ஒண்டோட சமாளிக்கலாம். ஜி எண்டு முடியிற றைசனில சோடி கட்டாயம்.

அறிவியல்நகர்_பெடியன்
சனி, பகல் 12.30

எல்லாருக்கும் நன்றி. இப்ப விளங்குது. ஆனா போட்டில ரெண்டு சிலொட்தான். ரெண்டு எட்டைப் பூட்டினா பிறகு கூட்ட ஏலாதே? தனி 16 வாங்கினா பிறகு இன்னொண்டு வாங்கி 32 ஆக்கலாம் எண்டுதான் கடைக்காரரும் சொன்னவர்.

மானிப்பாய்_வடிவமைப்பாளர்
சனி, பகல் 1.10

தம்பி, நான் இருவது வருசமாக் கலியாணக் காட், பதாகை, நினைவுமலர் எண்டு செய்யிற ஆள். "பிறகு வாங்குவம்" எண்டு வைச்சது ஒண்டும் அதே வகையில திரும்பக் கிடைச்சதில்லை. வேற கொம்பனி, வேற சிப், வேற சி.எல். கலந்து பூட்டினா எல்லாம் மெதுவானதின்ர கணக்கில ஓடும், அதுவும் ஓடினால்தான்.

அக்காவின்ர வேலை எப்பிடி? காட்டும் அடையாள அட்டைப் படமும் எண்டா 16 காணும். பத்தடிப் பதாகை செய்யிறவ எண்டா, ஒரு கோப்புக்குள்ள முப்பது அடுக்கு வரும், 16 மூச்சுத் திணறும். அப்ப 16ம் 16ம் இப்பவே எடுங்கோ. வேகத்துக்குக் குடுக்கிற காசைக் கொள்ளளவுக்குக் குடுங்கோ. 2666இல ஓடுற 32, 3600இல ஓடுற 16ஐ விட எனக்கு எப்பவும் உதவியிருக்கு. கொள்ளளவு முடிஞ்சா விண்டோஸ் எஸ்.எஸ்.டியை றாம் மாதிரிப் பாவிக்கத் தொடங்கும், அண்டைக்கு சி.எல் எத்தினை எண்டு ஒருத்தரும் பார்க்கமாட்டினம்.

விலை இறங்கட்டும் எண்டு காத்திருக்கிற யோசனை இருந்தா விடுங்கோ. 2025 கடைசியில ஏ.ஐ தரவு மையங்களுக்கு எண்டு சிப் எல்லாம் அங்கால போகத் தொடங்கினதோட றாம் விலை உலகம் முழுக்க ஏறிச்சு. அந்த டிசம்பரில மைக்ரோன் கொம்பனி குறூசியல் எண்ட பெயரில சாதாரண ஆக்களுக்கு விக்கிறதையே நிப்பாட்டப்போறதா அறிவிச்சது. பச்சை றாம் வாங்கிற எங்களைப் போல ஆக்களுக்கு குறூசியல் ஒரு நல்ல தெரிவா இருந்தது. எனக்கு அது பெரிய கவலை.

அறிவியல்நகர்_பெடியன்
சனி, பகல் 1.45

பதாகை செய்யிறேல்லை அக்கா. காட்டும் படமும்தான். அப்ப எட்டும் எட்டும். கடையில போய் என்னெண்டு கேக்கிறது? "பச்சை றாம்" எண்டா அவைக்கு விளங்குமோ?

நல்லூர்_திருத்துனர்
சனி, மாலை 4.20

நிறத்தை நம்ப வேண்டாம், இப்ப கறுப்புப் பலகையிலயும் ஜெடெக் றாம் வருது. தகடு போட்டதிலயும் சிலது ஜெடெக் 3200. ஒட்டியிருக்கிற தாளில உள்ள இலக்கத்தை வாசியும்.

கிங்ஸ்ரன் எண்டா கே.வி.ஆர் எண்டு தொடங்கும், அது அவையின்ர சாதா வரிசை. கே.வி.ஆர் 32 என் 22 எஸ் 8, பிறகு சாய்கோடு போட்டு 8 எண்டு இருந்தா: 32 எண்டது 3200. என் எண்டா ஈ.சி.சி (பிழை திருத்திற வசதி) இல்லாத மேசைக் கணினி றாம். 22 சி.எல். எஸ் எண்டா ஒற்றை றாங்க், சிப் எல்லாம் ஒரே தொகுதியா வேலை செய்யும். அதுக்குப் பிறகு வாற 8, ஒவ்வொரு சிப்பும் 8 பிற் அகலம். கடைசி 8 கொள்ளளவு.

எஸ் 8க்குப் பதிலா எஸ் 6 எண்டு இருந்தா சிப் 16 பிற் அகலம். பலகையில நாலே நாலு சிப்தான் இருக்கும். பிழையான சாமான் எண்டில்லை, ஆனா டி.டி.ஆர் 4இல 8 பிற் சிப்புக்கு நாலு பாங்க் குறூப் (சிப்புக்குள்ள மெமரியைப் பிரிச்சு வைச்சிருக்கிற பகுதி), 16 பிற் சிப்புக்கு ரெண்டுதான். கொஞ்சம் மெதுவு. ஒரே விலை எண்டா எட்டுச் சிப் உள்ளதைக் கேளும். கண்ணாலயே எண்ணலாம்.

அதே கொம்பனியின்ர ஃபியூரி பீஸ்ற் வரிசையில 3200 சி.எல் 16 றாமின்ர விபரத்தாளை எடுத்துப் பாரும். ஜெடெக் எண்ட வரியில 2400 சி.எல் 17, 1.2 வோல்ற். எக்ஸ்.எம்.பி எண்ட வரியில 3200, 1.35 வோல்ற். கோசெயார் வெஞ்சன்ஸ் எல்.பி.எக்ஸ் 3200இல "எஸ்.பி.டி வேகம் 2133" எண்டு போட்டிருக்கும், எஸ்.பி.டி எண்டது நான் முதல் சொன்ன குட்டிச் சிப்பில உள்ள அட்டவணை. ஒருத்தரும் ஒளிக்கேல்லை, நாங்கள்தான் பெட்டியின்ர முன்பக்கத்தை மட்டும் பார்க்கிறம்.

பில்லில இந்த இலக்கத்தை முழுசா எழுதுவியும். "8ஜிபி றாம் x 2" எண்டு மட்டும் எழுதின பில்லோட மாத்தப் போய் நிண்ட ஆக்களை எனக்குத் தெரியும்.

தென்மராட்சி_08
சனி, மாலை 5.02

ஒன்லைனில மலிவா வாற பெயரில்லா றாம் எப்பிடி? பழைய டி.டி.ஆர் 3 மெசினுக்கு 8 ஜி.பி ஒண்டு பார்த்தன், சரியான மலிவு.

நல்லூர்_திருத்துனர்
சனி, மாலை 5.15

கீழ சின்னதா "ஏ.எம்.டிக்கு மட்டும்" எண்டு இருக்கும், பாரும். 4 பிற் சிப் போட்டுச் செய்தது. இன்ரெல் போட்டில எழும்பாது. உம்மட மெசின் இன்ரெல் எண்டா காசு வீண்.

கொக்குவில்_கேமர்
சனி, இரவு 7.30

நான் முதல் எழுதினதைத் திருத்திறன். அக்காவின்ர கடைக்கு பச்சைச் சோடிதான் சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா இதை வாசிக்கிற வேற ஆக்களுக்கு: வீட்டில விளையாட எண்டு வாங்கிறவை, பயோஸைத் திறக்கப் பயமில்லாதவை, 3200 சி.எல் 16 வாங்கி எக்ஸ்.எம்.பியைப் போடுங்கோ. 5600ஜியில அதுவும் அதிகாரபூர்வ வேகம்தான், நேரக்கணக்கும் வோல்ற்றேஜும் மட்டும்தான் மாறுது. போட்ட பிறகு மெம்ரெஸ்ற்86 ஒரு இரவு ஓடவிட்டுப் பாருங்கோ, ஒரு பிழை காட்டினாலும் கழட்டுங்கோ. நான் அப்பிடித்தான் செய்தனான்.

இன்னொண்டு. நான் அடுத்ததா றைசன் 7600 பார்க்கிறன், டி.டி.ஆர் 5. அங்கயும் இதே கதையோ?

வடமராட்சி_ஆசிரியர்
சனி, இரவு 8.10

அதே கதைதான், எண்கள் மட்டும் வேறு. 7600க்கு ஏ.எம்.டி சொல்லும் உச்சம் இரண்டு றாமுடன் 5200. நான்கு பூட்டினால் 3600க்கு இறங்கிவிடும், ஆகவே நான்கு வேண்டாம். பெட்டியில் 6000 என்று உள்ள சோடி, எக்ஸ்போ போடாவிட்டால் பெரும்பாலும் 4800இல் எழும்பும். சாதா ஜெடெக் றாம் 5600 வரை 1.1 வோல்ற்றில் கிடைக்கிறது. முதல் தடவை பூட்டும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும், றாமைப் பழக்கிக்கொண்டிருக்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அறிவியல்நகர்_பெடியன்
அடுத்த ஞாயிறு, மாலை 6.20

பூட்டியாச்சு. ஸ்ரான்லி வீதியில அதே கடையில இலக்கத்தைச் சொல்லிக் கேட்டன். தட்டில இல்லை, ரெண்டு நாளில எடுத்துத் தந்தினம். எஸ் 8, ரெண்டிலயும் எட்டெட்டுச் சிப். 3600 சோடியை விட மிஞ்சின காசோட கொஞ்சம் போட்டு 650 வி.ஏ யூ.பி.எஸ் ஒண்டும் வாங்கினன். 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கடையைப் பூட்டிக்கொண்டு இருந்ததை அக்கா இன்னும் மறக்கேல்லை, அதைத்தான் முதல்ல கேட்டவ.

பயோஸில ஒண்டும் தொடேல்லை. ராஸ்க் மனேஜர் 3200 எண்டு காட்டுது, சிலொட் 2இல 2. ஆனா ரெண்டு சந்தேகம். சி.பி.யூ-செட் எண்ட மென்பொருள் 1600 எண்டு காட்டுது. மற்றது, 16 போட்டும் 15.4 தான் பாவிக்கலாம் எண்டு நிக்குது. றாமில பிழையோ?

நல்லூர்_திருத்துனர்
ஞாயிறு, மாலை 6.35

ரெண்டும் சரி. டி.டி.ஆர் ஒரு துடிப்புக்கு ரெண்டு தரம் தரவு அனுப்பும், 1600 துடிப்பு எண்டா 3200. குறைஞ்ச மிச்சம் புறொசெசருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் தனக்கெண்டு எடுத்து வைச்சது. பழைய மெசினைக் கழட்டி எறியாதையும், அதில உள்ள டி.டி.ஆர் 3 எந்த வேகம் எண்டு பார்த்துச் சொல்லும். தென்மராட்சித் தம்பிக்குப் பொருந்தினாலும் பொருந்தும்.

அறிவியல்நகர்_பெடியன்
ஞாயிறு, மாலை 6.50

1333, நாலு ஜி.பி ரெண்டு. அழிறப்பரால பல்லைத் துடைச்சு வைச்சிருக்கிறன் அண்ணை. தென்மராட்சி, வாற சனிக்கிழமை சாவகச்சேரிப் பக்கம் வருவன். உங்கட போட் இலக்கத்தைத் தனிமடலில போடுங்கோ.